தெர்மாகோல் அணையா, நாற்றங்கால் கணக்கா? அறிவியல் கண்காட்சிக்கு என்ன செய்யலாம்?

தாமரைக்குளம் (மன்னார்குடி)

எல்லோருக்கும் வணக்கம். மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் அறிவியல் கண்காட்சி வைக்கிறார்கள், இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. வகுப்பில் பலரும் கடையில் விற்கும் ரெடிமேட் செட்டுக்குச் சொல்லி வைத்துவிட்டார்கள். எரிமலை, காற்றாலை, தெர்மாகோலில் மேட்டூர் அணை. இவளும் அதையே கேட்கிறாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. நாங்கள் விவசாயக் குடும்பம். வீட்டைச் சுற்றி வயலும் வாய்க்காலும்தான். இதிலிருந்தே ஏதாவது செய்ய முடியாதா?

இன்னொரு கவலையும் உண்டு. காலாண்டுத் தேர்வும் அதே சமயத்தில் வருகிறது. படித்தது மறுவாரம் நினைவில் நிற்பதில்லை என்று அழுகிறாள். கண்காட்சி வேலையும் சேர்ந்தால் படிப்பு கெட்டுவிடுமோ என்று அவள் அப்பா தயங்குகிறார். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

சாக்பீஸ் (திருவாரூர் மாவட்டம், அறிவியல் ஆசிரியை)

மாடல் வேண்டாம், கேள்வி வேண்டும். அதுவும் உங்கள் மகளுக்கும் எனக்கும் இன்னும் விடை தெரியாத கேள்வியாக இருக்க வேண்டும். எரிமலை பொங்கும் என்று எல்லோருக்கும் தெரியும், அதைச் செய்து காட்டுவதில் அவள் கண்டுபிடிக்க எதுவும் இல்லை.

உங்கள் வீட்டிலேயே ஒன்று இருக்கிறது. சம்பாவுக்கு விதை விடும் முன் உப்புத் தண்ணீரில் முட்டையை மிதக்கவிட்டு, அதில் விதைநெல்லைக் கொட்டி, மிதக்கும் கருக்காயை, அதாவது சரியாகப் பால் பிடிக்காத நெல்லை, அரித்து எடுப்பார்கள் இல்லையா? வெறும் தண்ணீரில் பதர்தான் மிதக்கும். உப்பு கூடக்கூட நீரின் அடர்த்தி கூடும், பாதி பால் பிடித்த நெல்லும் மேலே வந்துவிடும். முட்டை அந்த அடர்த்தியைக் காட்டும் கருவி. அது புது முட்டையாக இருக்க வேண்டும். பழைய முட்டைக்குள் காற்றறை பெரிதாகியிருக்கும், உப்பு போதாத நீரிலும் மிதந்து ஏமாற்றிவிடும்.

கேள்வி இதுதான்: இப்படிப் பிரித்தால் முளைப்பு உண்மையிலேயே கூடுகிறதா, எவ்வளவு கூடுகிறது?

நான்கு குவியல் எடுங்கள். பிரிக்காத விதை. வெறும் தண்ணீரில் மிதந்தது. வெறும் தண்ணீரில் மூழ்கி, உப்பு நீரில் மிதந்தது. உப்பு நீரிலும் மூழ்கியது. லிட்டருக்கு 100 கிராமுக்கு மேலேயே கல்லுப்பு பிடிக்கும். முட்டையின் மேல்பக்கம் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வெளியே தெரிந்தால் போதும். உப்பு நீரில் போட்ட விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். அலசாமல் விட்டால் நீங்கள் பார்ப்பது கருக்காயின் குறையா உப்பின் கெடுதலா என்று தெரியாது. அதனாலேயே மற்ற குவியல்களையும் அதே நேரம் நனைத்து, அதே மாதிரி அலச வேண்டும்.

ஒவ்வொரு குவியலிலும் 100 விதை, 25 25-ஆக ஈரத்துணியில் பரப்பிச் சுருட்டினால் நான்கு சுருள். ஏன் மொத்தமாக ஒரே சுருள் கூடாது என்று அவளையே யோசிக்கச் சொல்லுங்கள். ஒரு சுருள் காய்ந்துபோனால் மொத்தமும் போச்சு, அது ஒன்று. அதைவிட முக்கியம், ஒரே குவியலின் நான்கு சுருளும் நான்கு எண் காட்டும். 23, 20, 24, 21 என்று வரும். விதையில் எந்த வித்தியாசமும் இல்லாமலேயே இவ்வளவு ஆடுகிறது என்றால், இரண்டு குவியலுக்கு இடையே இரண்டு மூன்று விதை கூடக்குறைய இருப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இதை ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளை தன் கையால் எண்ணி உணர்ந்தால், எனக்கு வேறு பரிசே வேண்டாம்.

5-ஆம் நாளும் 14-ஆம் நாளும் எண்ணுங்கள். விதைச் சோதனைச் சாலைகளிலும் நெல்லுக்கு அந்த நாட்கள்தான் கணக்கு. சான்று விதைக்குக் குறைந்தது 80 சதவீத முளைப்பு இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் வீட்டு விதை அதைத் தாண்டுகிறதா என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும், அவள் அப்பாவுக்கே உபயோகப்படும்.

சுருளின் மேல் 'நல்ல விதை', 'கருக்காய்' என்று எழுதாதீர்கள். அ, ஆ, இ, ஈ என்று குறியுங்கள். எந்த எழுத்து எது என்பது வேறொருவரிடம் இருக்கட்டும். எண்ணுகிறவருக்குத் தெரிந்திருந்தால் பாதி முளைத்ததை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதில் மனசு சாய்ந்துவிடும்.

கடையில் வாங்கிய விதை வேண்டாம். பூஞ்சைக்கொல்லி தூவியிருப்பார்கள், பிள்ளைகள் கையால் தொடக்கூடாது. வீட்டு விதை என்றால் அறுவடையாகி எவ்வளவு நாள் என்று பாருங்கள். சில ரகங்களில் புது நெல்லுக்கு விதை உறக்கம் உண்டு, நல்ல விதையே முளைக்காமல் கிடக்கும்.

கடைமடை (வேதாரண்யம் பக்கம்)

டீச்சர் சொன்னது அருமை. எங்கள் பக்கம் கேள்வி வேறு. தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம் இது, சில வருடம் வந்தும் சேராது. போர் போட்டால் உப்பு. எங்கள் பையன் போன வருடம் எடுத்த கேள்வி: எவ்வளவு உப்பு வரை நெல் தாங்கும்?

லிட்டருக்கு 0, 2, 4, 6, 8 கிராம் உப்பு கரைத்து ஐந்து பாட்டில். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும், பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கினோம், விலை சில நூறு ரூபாய்தான். வாங்கியதும் முதலில் மீட்டரையே சோதிக்க வேண்டும். மழைத்தண்ணீரில் லிட்டருக்கு 1 கிராம் உப்பு போட்டால் ஏறத்தாழ 1000 காட்ட வேண்டும். எங்கேயோ காட்டினால் அந்த மீட்டரை நம்பாதீர்கள்.

இதில் எல்லோரும் கவனிக்க வேண்டிய ஒரு இடம் இருக்கிறது. முளைப்பை மட்டும் எண்ணினால் குறைந்த உப்பில் பெரிய வித்தியாசமே தெரியாது. 'நெல்லை உப்பு ஒன்றும் செய்யாது' என்று சார்ட்டில் எழுதிவிடுவார்கள், அது தப்பு. நெல் முளைக்கும்போது உப்பை ஓரளவு தாங்கும். முளைத்தபின் இளநாற்றுப் பருவத்திலும், பிறகு பூக்கும் சமயத்திலும்தான் அடிபடும். அதனால் பத்து நாள் கழித்து தண்டு நீளமும் வேர் நீளமும் ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். வித்தியாசம் அங்கேதான் கண்ணில் அடிக்கும்.

அதே மீட்டரை எடுத்துக்கொண்டு தெருவில் எல்லாக் கைப்பம்பும் அளந்தான். குடிநீரில் கரைந்திருக்கும் உப்புகளுக்கு இந்தியத் தரநிர்ணய அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை. அவன் போட்ட வரைபடத்தைப் பார்க்கப் பஞ்சாயத்துக்காரர்களே வந்தார்கள்.

குறுவைக்காரன் (பாபநாசம்)

நானும் ஒரு அப்பாவாகச் சொல்கிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் பிள்ளை இரண்டு வருடம் முன்பு ஒரு பள்ளிகளுக்கிடையேயான கண்காட்சியில் மண் சோதனை செய்து வைத்தான். ராத்திரி பகலாக உழைத்தான். பரிசு விளக்கு எரிந்து மோட்டார் சுற்றிய மாடலுக்குப் போனது. நடுவர் இவன் மேஜையில் அரை நிமிடம்கூட நிற்கவில்லை. பிள்ளை மனசு உடைந்து, அதற்கப்புறம் கண்காட்சி என்றாலே வேண்டாம் என்கிறான்.

இப்போது பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வு மார்க்கை வைத்துத்தான் அடுத்து எந்த குரூப் என்று முடிவாகும். இதெல்லாம் நல்லதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்த நேரத்தில் புத்தகத்தைப் படித்தால் மார்க்காவது வருமே? ஏழை விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு இருக்கிற ஒரே ஏணி மார்க்.

சாக்பீஸ்

//ஒரே ஏணி மார்க்// இதை நான் மறுக்கமாட்டேன் சார். என் மாணவர்களில் பெரும்பாலோர் அந்த வீடுகளிலிருந்துதான் வருகிறார்கள். உங்கள் பையனுக்கு நடந்தது எனக்கு வலிக்கிறது. மேஜையில் நிற்காத நடுவர் தன் வேலையைச் செய்யவில்லை, அவ்வளவுதான். பையனின் வேலையில் அதனால் ஒரு குறையும் வந்துவிடாது.

பத்தாம் வகுப்பில் புதிதாகப் பெரிய ஆய்வு தொடங்க நானும் சொல்லமாட்டேன். எட்டிலும் ஒன்பதிலும் செய்துவிட வேண்டும். ஆனால் அறிவியலில் 75 எழுத்துத் தேர்வுக்கு, 25 செய்முறைக்கு. அந்த 25-ல் தடுமாறுகிற பிள்ளைகள் யார் என்று பார்த்தால், அதுவரை எதையும் தன் கையால் அளக்காதவர்கள்.

உங்கள் பையன் அந்த மண் சோதனை நோட்டை வைத்திருக்கிறானா? தூக்கிப் போடாதீர்கள். தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு என்று ஒன்று 1993-லிருந்து நடக்கிறது, 10 முதல் 17 வயது வரை கலந்துகொள்ளலாம். தமிழ்நாட்டில் அதை ஒருங்கிணைப்பது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். அங்கே மோட்டார் சுற்றுகிறதா என்று பார்ப்பதில்லை. உள்ளூர்ப் பிரச்சினையை எடுத்தாயா, எப்படி அளந்தாய், குறிப்பேடு எங்கே என்றுதான் கேட்பார்கள். மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் திட்டம் வேறு மாதிரி. அதில் பிள்ளையின் சொந்த யோசனையைப் பள்ளி இணையத்தில் பதிவேற்ற வேண்டும், தேர்வானால் 10,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்குக்கே வரும். உங்கள் பள்ளியில் கேட்டுப் பாருங்கள். கேட்கிற பெற்றோர் இருந்தால்தான் பல பள்ளிகளில் பதிவே நடக்கிறது.

வண்டல்மண் (நீடாமங்கலம்)

வாய்க்கால் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு யோசனை. எங்கள் வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று அளப்பது. நேராக ஓடும் இடத்தில் கரையில் 10 மீட்டர் அளந்து இரண்டு முளை அடித்து, ஆரஞ்சுப் பழத்தை மிதக்கவிட்டு நேரம் பாருங்கள். 20 நொடி என்றால் வேகம் நொடிக்கு அரை மீட்டர். மேல்தண்ணீர் வேகமாகவும் அடித்தண்ணீர் மெதுவாகவும் ஓடும் என்பதால் 0.85-ஆல் பெருக்க வேண்டும். அகலம் 1 மீட்டர், ஆழம் 40 சென்டிமீட்டர் என்றால் நொடிக்கு 170 லிட்டர். ஒரு கன அடி 28.3 லிட்டர், ஆக 6 கன அடி. பேப்பரில் மேட்டூரில் இத்தனை ஆயிரம் கன அடி திறப்பு என்று வருகிறதே, அந்த எண்ணுக்கு அப்போதுதான் அர்த்தம் புரியும்.

பெரியவர் துணை இல்லாமல் பிள்ளையைத் தண்ணீரில் இறக்கவே கூடாது. ஆற்றில் வேண்டாம், முழங்கால் ஆழ வயல் வாய்க்காலில் மட்டும்.

பனைநிழல் (தஞ்சாவூர்)

இயற்பியல் பிடிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். சுற்றுலா வருகிறவர்களிடம் இன்றும் சொல்கிறார்கள். பிள்ளைகளைக் காலை எட்டு மணிக்கு அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள், நிழல் நீளமாகத் தரையில் கிடக்கும். கதை எங்கிருந்து வந்திருக்கும் என்பதுதான் சுவையான கேள்வி. விமானம் கூம்பு மாதிரி, அடி மிக அகலம். கோடை மாதங்களில் நண்பகலில் சூரியன் தலைக்கு மேல் நிற்கும்போது உச்சியின் நிழல் அந்த அகன்ற அடிக்குள்ளேயே அடங்கிவிடும். இதைக் களிமண்ணில் ஒரு கூம்பும் ஒரு டார்ச்சும் வைத்தே வகுப்பில் காட்டலாம். 1010-ல் இவ்வளவு பெரிய கல்மலையை எழுப்பியவர்களுக்கு இல்லாத அதிசயத்தைச் சேர்க்கத் தேவையே இல்லை.

அளக்கவும் செய்யலாம். ஒரு மீட்டர் குச்சியின் நிழலையும் கோபுர நிழலையும் ஒரே நேரத்தில் அளந்து விகிதம் போட்டால் உயரம் வரும். பலரும் இடறும் இடம், நிழலைச் சுவரிலிருந்து அளப்பது. உச்சிக்கு நேர் கீழே இருக்கும் புள்ளியிலிருந்து அளக்க வேண்டும், அதாவது அடியின் பாதி அகலத்தைச் சேர்க்க வேண்டும். முதலில் பள்ளிக் கொடிக்கம்பத்தில் பழகிவிட்டுப் போகலாம்.

நம் டெல்டாவில் நிழலில்லா நாள் வருடத்துக்கு இரண்டு முறை வரும், ஏப்ரல் மூன்றாவது வாரத்திலும் ஆகஸ்ட் நான்காவது வாரத்திலும். நேராக நிற்கும் குச்சிக்கு அன்று நண்பகலில் நிழலே இருக்காது. மேகம் இல்லாவிட்டால் விடாதீர்கள்.

வெண்ணாறு (கல்லூரி மாணவர்)

தாமரைக்குளம் அக்கா, உங்கள் இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. மறுவாரம் மறந்துபோகிறது என்று அழும் தங்கைக்கு என் பதில்.

அவள் எப்படிப் படிக்கிறாள்? பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறாளா, கலர் பேனாவால் கோடு போடுகிறாளா? நானும் அப்படித்தான் பழக்கப்பட்டேன், ஏனென்றால் எல்லோரும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். திரும்ப வாசிக்கும்போது வரிகள் பழகியதாகத் தெரியும். அதைத் தெரிந்துவிட்டது என்று மனசு எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரு குழு பத்தியைத் திரும்ப வாசித்தது. இன்னொரு குழு வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது திரும்ப வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள். இரண்டு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் வைத்தபோது தலைகீழ், எழுதிப் பார்த்தவர்கள் முன்னால். இரவு படித்து, காலையில் ஒப்பித்து, அடுத்த வாரம் மறப்பதற்குக் காரணம் இதில் இருக்கிறது.

ஆகவே தங்கை செய்ய வேண்டியது: ஒரு பக்கம் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத்தாளில் நினைவில் உள்ளதை எழுத வேண்டும். பிறகு திறந்து, விட்டதை வேறு மையில் சேர்க்க வேண்டும். மறுநாள் ஒருமுறை, நாலு நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை, ஒவ்வொரு முறையும் முதலில் பார்க்காமல். தடுமாறும், எரிச்சல் வரும். அந்தத் தடுமாற்றத்தில்தான் பதிகிறது. ஒரே நாளில் நான்கு மணி நேரம் உட்காருவதைவிட நான்கு நாளில் ஒவ்வொரு மணி நேரம் மேல். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று அளந்து 1885-லேயே புத்தகமாகப் போட்டுவிட்டார்.

இன்னொன்று. இதையே கண்காட்சிக்குச் செய்யலாம்! வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரே நீளமுள்ள இரண்டு பாடப்பகுதி எடுங்கள். முதல் பகுதியை ஒரு பாதி திரும்ப வாசிக்கட்டும், மறு பாதி மூடிவைத்து எழுதட்டும், இருவருக்கும் ஒரே நேர அளவு. இரண்டாவது பகுதிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாவிட்டால் நன்றாகப் படிக்கிறவர்கள் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டார்களோ என்ற சந்தேகம் தீராது. ஒரு வாரம் கழித்துச் சொல்லாமல் ஒரு சின்னத் தேர்வு. யாருடைய மார்க் எது என்று சார்ட்டில் போடாதீர்கள், சராசரி மட்டும் போதும்.

செம்பருத்தி (மயிலாடுதுறை, ஒன்பதாம் வகுப்பு)

அண்ணா, டீச்சர், நான் மாணவிதான். எனக்குச் செய்வதில் பயமில்லை, பேசுவதில்தான் பயம். போன முறை எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டுப் போனேன். நடுவில் ஒருவர் கேள்வி கேட்டதும் எங்கே விட்டேன் என்றே தெரியவில்லை. என்ன செய்வது?

சாக்பீஸ்

செம்பருத்தி, மனப்பாடத்தை விட்டுவிடம்மா. நாலு விஷயம் மட்டும் வரிசையாக மனசில் இருக்கட்டும். எதைத் தெரிந்துகொள்ள நினைத்தேன், எப்படி அளந்தேன், என்ன வந்தது, இன்னும் எது தெரியவில்லை. நடுவில் யார் எங்கே கேட்டாலும் அந்த நாலில் ஏதோ ஒன்றைத்தான் கேட்பார்கள். வீட்டில் பாட்டியிடம் சொல்லிப் பார். அறிவியல் வார்த்தை எதுவும் இல்லாமல் பாட்டிக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடிந்தால் உனக்குப் புரிந்திருக்கிறது. பாட்டி கேட்கும் கேள்வி நடுவர் கேட்பதைவிடக் கடினமாகவும் இருக்கும், நெல் விஷயம் என்றால் கேட்கவே வேண்டாம்.

தெரியாததைக் கேட்டால் 'அதை நான் அளக்கவில்லை, அளப்பதானால் இப்படிச் செய்வேன்' என்று சொல். நான் நடுவராகப் போன இடங்களில் அந்த பதிலுக்கு முழு மதிப்பெண் கொடுத்திருக்கிறேன்.

சார்ட்டில் எழுத்தைக் குறை. ஒரு அட்டவணை, ஒரு வரைபடம், பக்கத்தில் அழுக்கான அசல் நோட்டு. நோட்டை அழகாகத் திரும்ப எழுதாதே. அடித்தல் திருத்தலோடு தேதி போட்டிருக்கும் நோட்டுதான் நீயே செய்தாய் என்பதற்குச் சாட்சி.

குறுவைக்காரன்

டீச்சர், மண் சோதனை நோட்டு பரணில் இருக்கிறது. பையனிடம் காட்டினேன். வெண்ணாறு தம்பி சொன்ன மூடிவைத்து எழுதும் முறையை ஒரு பாடத்துக்கு மட்டும் செய்து பார்க்கிறேன் என்றான். மாநாடு பற்றிப் பள்ளியில் கேட்கிறேன். என் கருத்து மாறவில்லை, மார்க் முக்கியம்தான். ஆனால் படிக்கும் முறையைப் பற்றி யாரும் எங்களுக்கு இப்படிச் சொன்னதில்லை.

தாமரைக்குளம்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மகள் விதைநெல்லை எடுத்துக்கொண்டாள். அப்பாதான் இப்போது எழுத்துக் குறிச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறார். ஒரு சந்தேகம்: இரண்டு சுருளில் பூஞ்சை பிடித்துவிட்டது. இரண்டுமே ஒரே எழுத்து. அந்த விதைகளை எடுத்துப் போட்டுவிட்டு வேறு விதை வைக்கலாமா?

சாக்பீஸ்

வைக்கவே கூடாது. எடுத்துப் போட்டால் 25 என்ற கணக்கே கெட்டுவிடும். நோட்டில் 'பூஞ்சை' என்று தனிக் கட்டம் போட்டு எத்தனை விதை, எந்த நாள் என்று எழுதச் சொல்லுங்கள். முளைக்காவிட்டால் அது முளைக்காததுதான். இரண்டும் ஒரே எழுத்து என்பதுதான் எனக்கு ஆர்வமாக இருக்கிறது. பால் சரியாகப் பிடிக்காத விதையில் பூஞ்சை சீக்கிரம் ஏறும், அது மிதந்த குவியலாக இருக்கலாம். அல்லது அந்தத் துணிகள் மட்டும் அதிக ஈரமாக இருந்திருக்கலாம். இப்போதைக்குச் சீட்டைப் பிரிக்க வேண்டாம், 14-ஆம் நாள் வரை பொறுங்கள். முடிந்ததும் அதே விதையில் இன்னொரு தடவை வையுங்கள். இந்த முறை எல்லாத் துணியையும் கொதிநீரில் போட்டு எடுத்து, ஒரே அளவு தண்ணீரை டம்ளரால் அளந்து நனைத்து, சுருள்களை இடம் மாற்றி மாற்றி வையுங்கள். அப்போதும் அதே குவியலில் பூஞ்சை வந்தால் துணியைச் சந்தேகப்பட வேண்டியதில்லை.